முரண்நகையும் அச்சமும்: வன்னிப் பேச்சை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி இது: "வன்னியில் பெரியவர்கள் பயந்த விஷயங்களை வேறு பெயர் வைத்தோ பகிடியாகவோ சொல்கிறார்கள். இதுவும் இலக்கியத்தில் படிக்கிற முரண்நகையும் ஒன்றா? கதை எழுதும்போது இதை எப்படிக் கையாள்வது?" உயர்தரத்தில் தமிழ் எடுக்கிற பிள்ளைகளும் சிறுகதை எழுதத் தொடங்கியவர்களும் கேட்கிற கேள்விதான். ஓம், இல்லை என்று ஒரு வரியில் முடிக்க இயலாது. இரண்டும் வேறு வேறு வேலைகள். ஆனால் வாயில் வரும்போது ஒரே கருவிகளைத்தான் பயன்படுத்துகின்றன. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

பயத்தால் பெயரை மாற்றிச் சொல்வதற்குத் தமிழ் இலக்கணத்தில் பழைய இடம் உண்டு. நன்னூல் தகுதி வழக்கை மூன்றாக வகுக்கிறது: இடக்கரடக்கல் (சொல்லக் கூசுவதை மறைத்துச் சொல்வது), மங்கலம் (அமங்கலத்தை நல்ல சொல்லால் சொல்வது), குழூஉக்குறி (ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் சொல்). செத்தாரைத் துஞ்சினார் என்பதும், இடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலத்துக்கு உரைகாரர் தரும் எடுத்துக்காட்டுகள். வீட்டை விட்டு இறங்கும்போது "போறன்" என்னாமல் "போயிட்டு வாறன்" என்பது அதே மரபின் இன்றைய வடிவம். முரண்நகைக்கு மிகக் கிட்ட நிற்பது இன்னொரு பக்கத்தில், அணியிலக்கணத்தில் இருக்கிறது. புகழ்வதுபோலப் பழிப்பதையும் பழிப்பதுபோலப் புகழ்வதையும் தண்டியலங்காரம் இலேச அணிக்குள் வைக்கிறது. வகுப்பில் வஞ்சப்புகழ்ச்சி என்று படிப்பது இதன் உறவுதான். முரண்நகை இதைவிடப் பெரிய வட்டம். சொன்ன சொல், உள்ள உண்மை, அந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் காணும் ஒருவர் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது முரண்நகை. மூன்றாமவர் இல்லாவிட்டால் அது வெறும் பொய், அல்லது வெறும் மங்கலம்.

ஒரு கூற்று எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், மாற்றிச் சொல்லிப் பாருங்கள். மறைத்த சொல்லை எடுத்து, நேரான சொல்லை அதே இடத்தில் போடுங்கள். கேட்பவர் "வாயைக் கழுவு" என்று அதட்டினால் அங்கே இருந்தது அச்சம். ஒருவரும் அதட்டவில்லை, வசனம் மட்டும் சப்பென்று போனது என்றால் அங்கே இருந்தது முரண்நகை.

பிள்ளைக்கு உடம்பில் கொப்புளம் போட்டால் "அம்மாள் வந்திருக்கிறா" என்பார்கள். வாசலில் வேப்பிலை தொங்கும் வீட்டில் "கொப்பளிப்பான்" என்ற சொல்லைச் சத்தமாகச் சொன்னால் பெரியவர்களுக்குப் பிடிக்காது. ஆஸ்பத்திரியில் அதே ஆட்களே கொப்பளிப்பான் என்றுதான் சொல்லுவார்கள். இடம் மாறினால் சொல்லும் மாறுவது அச்சத்தின் அடையாளம். "வந்திருக்கிறா" என்ற மரியாதை வினையையும் கவனியுங்கள். நோய்க்குக் கொடுத்த மரியாதை அது, உள்ளே நக்கல் எதுவும் இல்லை. நல்ல பாம்பும் இப்படித்தான். வயலில் புடையன் பாம்புக்குப் பயப்படாத விவசாயி இல்லை, ஆனாலும் புடையனுக்கு ஒரு நல்ல பெயரும் வைக்கவில்லை. நாகத்துக்கு வைத்தார்கள், ஏனென்றால் நாகம் புதூரில் நாகதம்பிரானாக இருந்து பொங்கல் வாங்குகிறது. பாம்பைப் பொறுத்தவரை, கடிக்கும் என்ற பயம் மட்டும் மங்கலப் பெயரைப் பெற்றுத் தராது, தெய்வம் கோபிக்கும் என்ற பயமும் வேண்டும்.

மற்றப் பக்கத்துக்கு வாருங்கள். காலை 9 மணிக்கு எழும்பி வருகிற மகனைத் தாய் வரவேற்கிறார்: "வாங்கோ ஐயா, துரைக்கு இப்பத்தான் விடிஞ்சிருக்கு." இதை "நீ பிந்தி எழும்பிட்டாய்" என்று மாற்றினால் ஒரு ஆபத்தும் இல்லை, கூர்மை மட்டும் போய்விடும். ஆக இது முரண்நகை.

இந்த வசனம் எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது பயன் தரும், ஏனென்றால் தமிழில் முரண்நகையின் பெரும்பகுதி குரலிலும் விகுதியிலும் இருக்கிறது. தாய் மகனோடு வழக்கமாக 'நீ' போட்டுத்தான் கதைப்பார். ஈழத்துப் பேச்சில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி இருக்கிறது. படியை எதிர்பாராமல் ஏற்றினால் போதும், கேட்பவருக்கு உடனே சுடும். அடுத்தது -ஆக்கும்: "பெரிய டொக்டராக்கும்." பிறகு -தான்: "நல்லாத்தான் கட்டியிருக்கிறியள் வேலி." மதிப்பைச் சொல்லிவிட்டு நினைப்போடு முடிப்பதும் உண்டு: "தான் பெரிய ஆள் எண்ட நினைப்பு." கூட்டம் கீட்டம், கடிதம் கிடிதம் என்ற இரட்டிப்பும் அந்தப் பொருளின் பெறுமதியைக் குறைக்கும். இவற்றில் ஒன்று வசனத்தில் இருந்தாலே போதும். ஒரே வசனத்தில் மூன்றைத் திணித்தால் மேடை நாடகத்தில் பகிடி விடுகிற பாத்திரம் போல ஆகிவிடும். எழுதத் தொடங்குபவர்கள் இடறும் இடம் இது.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிக முக்கியமாகப் படுவது -ஆம் என்ற சின்ன விகுதி. "சந்தியிலை மறிச்சுச் சோதிக்கிறாங்களாம்." இதில் -ஆம் பயத்தின் வேலையைச் செய்கிறது: நான் பார்க்கவில்லை, நான் சொல்லவில்லை, யாரோ சொன்னார்கள், நாளைக்கு என்னைக் கேட்காதே. இப்போது இதைப் பாருங்கள்: "உவர் இனிக் குடிக்க மாட்டாராம்." இங்கே அதே -ஆம் முரண்நகை. சொன்னவர் பொறுப்பைத் தட்டிக் கழிக்கவில்லை, குடிக்க மாட்டேன் என்றவரின் வாக்கை அவரிடமே திருப்பிக் கொடுக்கிறார். முதல் வசனத்தில் கேட்பவருக்கு உண்மை தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் காதைக் கொடுக்கிறார். இரண்டாவதில் முற்றத்தில் இருக்கிற எல்லாருக்கும் உண்மை தெரியும். விகுதி ஒன்று, வித்தியாசம் கேட்பவரின் அறிவில் இருக்கிறது. கதையில் -ஆம் போடும்போது வாசகருக்கு உண்மை முன்பே தெரியுமா என்று பாருங்கள். தெரியாவிட்டால் உங்கள் முரண்நகை வெறும் வதந்தியாக வாசிக்கப்படும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் (உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளில்) ஒன்றாக அச்சத்தைச் சொல்லி, அது பிறக்கும் இடம் நான்கு என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. வன்னிக்கு இந்த வகுப்பு அப்படியே பொருந்துவதைப் பார்க்கலாம். அணங்கு என்றால் அம்மாளும் நாகதம்பிரானும். விலங்கு என்றால் யானையும் கரடியும் புடையனும். கள்வரைப் பற்றி விளக்கம் தேவையில்லை. இறை என்பது அரசும் அதிகாரமும். இந்த நான்கில் முதல் இரண்டும் பெரும்பாலும் மங்கலச் சொல்லைப் பிறப்பிக்கின்றன. நாலாவது, அதாவது அதிகாரத்தின் மேலுள்ள பயம், முரண்நகையைப் பிறப்பிக்கிறது. யானைக்கு நக்கல் விளங்காது. அதிகாரிக்கு விளங்கும், ஆனால் விளங்கியதாகக் காட்டிக்கொள்ள முடியாதபடி அதைச் சொல்லலாம்.

இதற்குத் தமிழில் புறநானூற்று 95ஆம் பாட்டைவிடச் சிறந்த சான்று இல்லை. அதியமானுக்காகத் தூது போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். ஔவையார் புகழ்கிறார்: இங்கே உள்ளவை பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் உள்ள மாளிகையில் இருக்கின்றன. அங்கே அதியமானிடம் உள்ளவையோ பகைவரைக் குத்தி, நுனி சிதைந்து, கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. பழிச்சொல் ஒன்றுகூட இல்லை. உன் ஆயுதம் போரே காணாதது என்று தொண்டைமான் தானே கணக்குப் பார்த்து அறிய வேண்டும். கோபித்தால் அந்தக் கணக்கை அவனே ஒப்புக்கொண்டதாகிவிடும். தனியாக நிற்கிற ஒரு தூதருக்கு இதைவிடப் பாதுகாப்பான பேச்சு கிடையாது. பலமில்லாதவர் பலமுள்ளவரிடம் பேசும்போது முரண்நகை கவசமாகிறது என்பதை இந்தப் பாட்டை வைத்தே படிப்பிக்கலாம்.

குறளில் 1073ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: "தேவர் அனையர் கயவர் அவருந்தாம் மேவன செய்தொழுக லான்." முதல் மூன்று சீரும் உச்சப் புகழ். கயவர் தேவரைப் போன்றவர். இரண்டாம் அடி காரணம் தருகிறது: நினைத்ததைச் செய்து திரிவதால். காரணம் வந்த பிறகுதான் புகழ் கவிழ்கிறது. காரணத்தை வெட்டிவிட்டு முதல் மூன்று சீரை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. முகமும் குரலும் இல்லாத எழுத்தில், திறப்பை வசனத்துக்குள்ளேயே வைக்கவேண்டும் என்பதற்கு இது நல்ல பாடம். மேற்கோள் குறி போட்டும் ஆச்சரியக் குறி போட்டும் முரண்நகையைக் காட்டுவது, திறப்பு வைக்க மறந்தவர்கள் செய்கிற வேலை.

சிலப்பதிகாரத்தில் அச்சமும் முரண்நகையும் ஒன்றாகவே நடக்கின்றன. வன்னிக்கு அந்தக் கதை புத்தகத்தில் மட்டும் உள்ளதல்ல. வற்றாப்பளையில் கண்ணகிக்கு வைகாசிப் பொங்கல் நடக்கிறது, முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடியிருக்கிறார்கள். கொலைக்களக் காதையில் கோவலன் பொற்கொல்லனிடம் கேட்கிறான்: அரசன் தேவிக்கு ஆவதொரு காலணியை விலையிட உன்னால் இயலுமா? அரசியின் சிலம்பைத் திருடியவனிடமே அரசிக்கு ஏற்ற சிலம்பு இது என்று சொல்லிக் கொடுக்கிறான். கோவலனுக்குப் பயமில்லை. அவனுக்கான பயத்தை முழுக்கச் சபைதான் சுமக்கிறது. கூத்தைப் பார்ப்பவர்களில் முடிவு தெரியாதவர் எவரும் இல்லை, தெரிந்தும் அந்தக் கட்டத்தில் நெஞ்சு பக்கென்றுதான் போகும். பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரியும்போது பயம் நம்மிடம் வந்துவிடுகிறது. கதை எழுதுபவர் இங்கே கற்கவேண்டியது செய்தியை வைக்கிற ஒழுங்கு. பொற்கொல்லன் திருடன் என்பதைக் கொலைக்குப் பிறகு வெளியிட்டிருந்தால் அது ஒரு திடுக்கிடல், ஒரு நொடியில் முடிந்திருக்கும். முன்னரே சொன்னதால் கோவலனின் ஒவ்வொரு சொல்லும் கனக்கிறது.

வழக்குரை காதையில் வேறு வகை வருகிறது. பாண்டிமாதேவியின் சிலம்புப் பரல் முத்து, கண்ணகியுடையது மாணிக்கம். உடைத்ததும் "யானோ அரசன், யானே கள்வன்" என்கிறான் பாண்டியன். கள்வனைத் தண்டித்த அரசனே கள்வனாகி நிற்கிற நிலைமை முரண். இதில் ஒருவரும் நக்கல் அடிக்கவில்லை. முரண்நகை என்றால் சிரிப்பு இருக்கவேண்டும் என்று நினைக்கிற மாணவர்களுக்கு இந்த இடத்தைக் காட்டுங்கள்.

இன்றைய பேச்சுக்குத் திரும்பினால், வன்னியின் அண்மைக் கால வரலாறு இந்த விஷயத்தில் கனமானது, கவனமாகத் தொடவேண்டியது. வேவு பார்க்கிற ஆளில்லா விமானத்தைச் சனம் 'வண்டு' என்றது. மாற்றிச் சொல்லும் சோதனைக்கு இந்தச் சொல் ஒரே பக்கமாக வளைந்து கொடுக்காது. அதன் இரைச்சலைக் குறிக்கும் நேரான பெயர் என்று ஒரு பக்கம் சொல்லலாம். தலைக்கு மேல் நின்று குண்டுக்கு இடம் காட்டுகிற ஒன்றைக் கையால் அடித்து விரட்டக்கூடிய பூச்சியாக்குவது இன்னொரு பக்கம். பிள்ளைகளுக்கு முன்னால் சொல்லக்கூடிய சொல்லாகவும் அது இருந்தது. அச்சமும் முரணும் ஒட்டிக்கொண்ட சொற்கள் இப்படி உண்டு. அவற்றைப் பிடித்து ஒரே பெட்டியில் போடவேண்டிய அவசியம் விமர்சகருக்கு இல்லை.

இதற்கு முற்றிலும் எதிரான வகை, அதிகாரம் வைக்கிற மென்மையான பெயர்கள். 2009 சனவரியில் சுதந்திரபுரம், வள்ளிபுனம் பக்கத்தைப் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தார்கள். அதற்குள்ளும் செல் விழுந்தது. அந்த ஆண்டு வன்னியிலிருந்து வெளியேறிய இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சனத்தில் பெரும்பகுதியை செட்டிகுளம் மெனிக்பாமில் முள்ளுக்கம்பிக்குள் வைத்திருந்த இடத்தின் பெயர் நலன்புரி நிலையம். அறிவித்தவர் முரண்நகை செய்யவில்லை. சொல்லை உண்மையாக எடுக்கச் சொன்னார். உள்ளே இருந்தவர் அதே சொல்லைத் திரும்ப உச்சரித்தபோதுதான் அது முரண்நகையாயிற்று. சொல்லின் ஓர் எழுத்தும் மாறவில்லை, வாய்தான் மாறியது. கதையில் இத்தகைய அரச சொற்களைக் கொண்டுவரும்போது எழுத்தாளர் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. சொல்லை அப்படியே வைத்து, அதன் பக்கத்தில் முள்ளுக்கம்பியை வைத்தால் போதும். சட்டப் புத்தகத்திலும் உதாரணம் இருக்கிறது: 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற பெயரோடு வந்தது. 1982 இல் அதை நிரந்தரமாக்கினார்கள். பெயரில் 'தற்காலிக' அப்படியே நின்றது.

அச்சம் இலக்கணத்தையும் மாற்றும். சண்டை நடந்த ஆண்டுகளைப் பலர் 'பிரச்சினை காலம்' என்கிறார்கள், 2009இன் முதல் மாதங்களைக் 'கடைசி நேரம்' என்கிறார்கள். எழுவாய் உதிர்ந்துபோகும்: "வந்து கேட்டவை, கூட்டிக்கொண்டு போனவை." ஆர் என்று சொல்வதில்லை. இந்த வகை வசனத்தைக் கதையில் எழுதும்போது, எழுவாயை இட்டு நிரப்பித் திருத்த வேண்டாம். அந்த வெற்றிடம்தான் பயம். எதிர்த்திசையில் நடந்த ஒன்றும் பதிவில் இருக்கிறது. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவுகள் 'காணாமல் போனோர்' என்பதை ஏற்காமல் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றார்கள். போனோர் என்றால் தாமாகப் போனவர். ஆக்கப்பட்டோர் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். பயம் உதிர்த்த எழுவாயைக் கேட்டு நிற்கிற வினை அது. அதில் முரண்நகை இல்லை, வேண்டியதும் இல்லை. எல்லாத் துயரத்தையும் நக்கலால்தான் தாங்கிக்கொள்கிறார்கள் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

எழுதிக் காட்டினால் தெளிவாகும். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வயல், இரவு யானை புகுந்து நெல்லை மிதித்துவிட்டது. காலையில் பக்கத்து வயல்காரர் கேட்கிறார்.

"என்ன அண்ணை, இரவு ஆரும் வந்தவையோ?"

"ஓம், பெரியவர் வந்தவர். வரம்பெல்லாம் வடிவாச் சுத்திப் பாத்திட்டுப் போயிருக்கிறார். ஒரு குறையும் சொல்லேல்ல."

இதில் யானை என்ற சொல் இல்லை. இரவில் திரும்பவும் வரக்கூடியதைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத அச்சம் அது. "ஒரு குறையும் சொல்லேல்ல" என்பதில் வயலைப் பார்க்க வருகிற அதிகாரியின் நடை இருக்கிறது. அதுதான் முரண்நகை, அது யானையைக் குத்தவில்லை. நட்டத்தை எழுதிக்கொண்டு போய்த் திரும்பி வராத அதிகாரிகளைக் குத்துகிறது. இதை மூன்று விதமாகக் கெடுக்கலாம். "'பெரியவர்' வந்தார்!" என்று குறிகள் போட்டால் வாசகரை நம்பவில்லை என்றாகிவிடும். "பயங்கரமான காட்டு யானை கொடூரமாக வயலை நாசம் செய்தது" என்றால் உரிச்சொல் மட்டும்தான் மிஞ்சும். பேச்சில் 'பயங்கர நல்லாருக்கு' என்று புழங்கித் தேய்ந்த சொல்லால் இனி ஒருவரையும் வெருட்ட முடியாது. மூன்றாவது, கதைசொல்லியும் சேர்ந்து நக்கல் அடிப்பது. பாத்திரம் முரண்நகையாகப் பேசும்போது கதைசொல்லி நேராக, வெறும் தகவலாகச் சொல்லவேண்டும்: யானை வெடி இரண்டு முடிந்தது, மின்வேலியில் மின்சாரம் இல்லை, முக்கால் ஏக்கர் போயிற்று. ஒருவர் வளைத்துப் பேசினால் மற்றவர் நேராக நிற்கவேண்டும். இருவரும் வளைந்தால் உண்மை எது என்று வாசகருக்குத் தெரியாது, உண்மை தெரியாவிட்டால் முரணும் இல்லை.

அச்சத்தை எழுத உடம்பைப் பயன்படுத்துங்கள். மெய்ப்பாடு என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது. 'அவள் பயந்தாள்' என்பதைவிட 'ஏங்கிப்போனாள்', 'நெஞ்சு பக்கெண்டுது', 'வயித்தைக் கலக்கிச்சுது' என்பவை வன்னி வாயில் இயல்பானவை. அதிலும் ஒன்றுக்கு மேல் வேண்டாம். பாத்திரத்தின் கை என்ன செய்துகொண்டிருந்தது, எந்த இடத்தில் நின்றது என்பது இன்னும் நல்லது.

திசை பற்றியும் சொல்லவேண்டும். தொல்காப்பியம் நகைக்குச் சொல்லும் நான்கு காரணங்களில் முதலாவது எள்ளல். முரண்நகை தன்னைவிட மேலே இருப்பவரை நோக்கியோ தன்னை நோக்கியோ போகும்போது அது பேசுபவரின் பலம். இழந்தவரை நோக்கி, கீழே இறங்கினால் எள்ளலாக மட்டும் மிஞ்சும். இடம்பெயர்ந்தவர் தம் தறப்பாள் கொட்டிலை "எங்கடை மாளிகை" என்று சொல்வதும், வெளியிலிருந்து வந்த ஒருவர் அதைக் காட்டி "நல்ல மாளிகை" என்று சொல்வதும் ஒன்றல்ல. கதையில் இந்தச் சொல்லை யாருடைய வாயில் வைக்கிறீர்கள் என்பதை இரண்டு தடவை யோசியுங்கள்.

பரீட்சைக்கு எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒரு நடைமுறை. 'இங்கு முரண்நகை கையாளப்பட்டுள்ளது' என்று எழுதி நிறுத்தினால் விடை பாதிதான். வரியை மேற்கோளாகக் கொடுங்கள். சொன்னது என்ன, உண்மை என்ன, அந்த உண்மை யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று தனித்தனியாக எழுதுங்கள். அதன் பிறகு, நேராகச் சொல்லியிருந்தால் பேசியவருக்கு என்ன நடந்திருக்கும் என்று ஒரு வசனம் சேருங்கள். அச்சம் இருந்தால் அந்த வசனத்தில் அது தானாக வெளியே வரும். முரண்தொடையையும் முரண்நகையையும் கலக்கவேண்டாம். இன்பம் துன்பம், இரவு பகல் என்று எதிர்ச்சொற்கள் அடிதோறும் வருவது தொடை. அதில் எவரும் எதையும் மறைக்கவில்லை.